சுப்பாத்தாள் இல்லாத பழைய ஸ்டாண்டு

கொளுத்தும் வெயிலிலும் குளிர்ந்த முகத்தோடு இவ்விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் வேங்கைக்கடவு நகரசபைத் தலைவர் அம்மையார் அவர்களே! கட்டி முடித்த களைப்பு இன்னும் தீராத கம்பெனி நிர்வாகிகளே! பொறியாளர் தம்பி ஜிஜோ அவர்களே! கோபாலபுரத்திலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து முன்வரிசையில் முறையாக அமர்ந்துவிட்ட மூத்தோர்களே! தலைச்சுமையை இறக்கி வைத்தும் மனச்சுமையை இறக்க மறந்து நிற்கிற தாய்மார்களே! மேகம் தொடும் வண்டன்மேட்டிலிருந்தும் வட்டவடையிலிருந்தும் மலையிறங்கி வந்த எங்கள் மண்ணின் சொந்தங்களே! கடை திறக்கும் அவசரத்திலும் கால்கடுக்கக் காத்திருக்கும் வணிகப் பெருமக்களே! மூட்டை சுமக்கும் தோள்களே, வண்டி ஓட்டும் கைகளே! உங்கள் ஒவ்வொருவர் முன்னும் இந்த வார்டின் உறுப்பினர் செல்வப்பிரியா சிரம் தாழ்த்தி நிற்கிறேன்.

நான் வார்டு உறுப்பினர் ஆவதற்கு முன்னால் இந்த ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அதனால்தான் இன்றும் பாதிப் பேர் என்னை டீச்சர் என்கிறீர்கள். மேடையேறும்போது தலைவர் அம்மையார் என் காதருகே குனிந்து, "சுருக்கமாகப் பேசுங்கள்" என்றார். சுருக்கலாம் அம்மா, பேச்சைச் சுருக்கலாம். நெஞ்சில் கிடப்பதை எப்படிச் சுருக்குவேன்?

இன்று திறப்பு விழா. தோரணம் தொங்குகிறது. வாழை நிற்கிறது. வண்ணக் காகிதம் காற்றில் படபடக்கிறது. எல்லாரும் புதுச்சட்டை போட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் வந்து ஏறியதிலிருந்து பார்க்கிறேன், இந்தக் கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் முழுச் சிரிப்பு இல்லை. ஏன் இல்லை? எதனால் இல்லை? தெரியாதவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள். கட்டடத்தைக் காண வெளியூரிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை கேட்பது உங்களுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த மேடை நிற்கிற இடம் ஊரின் நடு நெஞ்சு. நகரசபையின் நிலம், அதாவது நம்முடைய நிலம். நாம் அதற்கு வைத்த பெயர் பழைய ஸ்டாண்டு. பாதி பஸ் நிலையம், பாதி சந்தை. வட்டவடைப் பூண்டு இங்கே வந்து இறங்கும். வண்டன்மேட்டு ஏலக்காய் இங்கே வந்து மணக்கும். முதலமடை மாங்காய், பொள்ளாச்சித் தேங்காய், நம் கிழக்குச் சீமையின் நிலக்கடலை என்று எல்லாம் வந்து குவியும். மலையாளத்தில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசி, இரண்டிலும் சிரித்துக்கொண்டு போவார்கள். கூரை ஒழுகியது உண்மை. கழிவறைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் உண்மை. பொன்னாக இருந்தது என்று நான் பொய் சொல்ல வரவில்லை. ஒழுகிய கூரைக்குக் கீழே ஒரு நூறு குடும்பம் உலை வைத்தது. அதுதான் நான் சொல்ல வந்தது.

அந்தச் சந்தையின் தென்புறத்தில் ஒரு பழக்கடை. கடைக்காரர் குப்பண்ணன், வணிகர் சங்கத்தின் தலைவர். அவர் வாழைத்தார் வெட்டிக் கொடுப்பார். அதே கடையின் மறுபாதியில் அவர் மனைவி சுப்பாத்தாள் பூண்டும் வெங்காயமும் விற்பார். கணவர் மெதுவாகப் பேசுவார். மனைவி பேசினால் கோபாலபுரம் சோதனைச்சாவடி வரைக்கும் கேட்கும்! ஆமாம், சிரியுங்கள், சிரியுங்கள். அந்தக் குரலை நினைத்துச் சிரிக்காமல் இருக்க முடியுமா? அவருக்கு அடுத்த கடை ரோசியுடையது. வண்டன்மேட்டுத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் மறைந்த பிறகு ஏலக்காயோடு மலையிறங்கி வந்து, இங்கேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துத் தங்கியவர். ஒருவர் முருகனுக்குப் பால்குடம் எடுப்பார், ஒருவர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார். மதியச் சோறு மட்டும் ஒரே தூக்கில் வரும். சுப்பாத்தாள் "ரோசி, உண்ண வா" என்று குரல் கொடுத்தால், பஸ்ஸில் தூங்குகிற பயணிகளும் எழுந்துவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நகரசபை ஒரு முடிவெடுத்தது. நம்மிடம் நிலம் இருக்கிறது, பணம் இல்லை. ஒரு கம்பெனியிடம் பணம் இருக்கிறது, நிலம் இல்லை. இருவரும் சேர்ந்தால் என்ன? அரசும் தனியாரும் கூட்டு. கீழே பஸ் நிலையம், நடுவில் கடைகள், மேலே அலுவலகங்கள், தரைக்கும் கீழே வண்டி நிறுத்தும் இடம். குத்தகைக் காலம் முடிந்ததும் எல்லாம் நகரசபைக்கே வந்து சேரும். கேட்டால் நல்ல யோசனை. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல யோசனைதான்!

அந்த யோசனையை முழு மனதோடு நம்பியவர் குப்பண்ணன். கடை கடையாக ஏறி இறங்கினார். "புதுசாக் கட்டித் தர்றாங்களாமா. கொஞ்ச நாளைக்கு ஆத்தங்கரைக் கொட்டாய்க்குப் போயிருவோமுங்க. திரும்பி வர்றப்ப ஒழுகாத கடை கெடைக்கும்," என்றார். அவர் சொன்னால் மறுத்துப் பேச நம்மில் யாருக்கும் வாய் வராது. மறுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் வீட்டுக்காரம்மா.

"ஏனுங்க, முதல்ல அவிங்க கட்டட்டும். அப்பறம் நாம எந்திரிக்கலாம். உக்காந்திருக்கறவள எழுப்பி உட்டுட்டு பாய் பின்னப் போறாங்களாக்கும்?" என்று கேட்டார் சுப்பாத்தாள்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்," என்றார் குப்பண்ணன்.

"எனக்குச் சந்தேகந்தான். ஆனா நீங்க போற எடத்துக்கு நானும் வருவேன், மூட்டையக் கட்டுங்க," என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான். கடையோடு கடையாகச் சந்தை முழுவதும் எழுந்தது.

இடித்தார்கள். தோண்டினார்கள். எவ்வளவு ஆழம்! யானையை இறக்கினாலும் முதுகு தெரியாத ஆழம். குழியின் பக்கச்சுவரைக் கட்டும் முன்பே அந்தக் கம்பெனியின் பங்காளிகளுக்குள் பகை மூண்டது. பகை வழக்காயிற்று. வழக்கு தடையாயிற்று. தடை வந்ததும் கிரேனைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழியை மட்டும் நமக்கு விட்டுப் போனார்கள்.

யாரது, பின்னாலிருந்து கம்பெனியின் பெயரைச் சொல்லச் சொல்கிறீர்கள்? சொல்ல மாட்டேன் ஐயா. அது நீதிமன்றத்தில் கிடக்கிற பெயர். இந்த மேடையில் அதற்கு நாற்காலி கிடையாது.

தோண்டும்போதே சுற்றிலும் தகரம் அடித்திருந்தார்கள். தகரத்தில் படம் வரைந்திருந்தார்கள். கண்ணாடிக் கட்டடம், கண்ணுக்கினிய பூங்கா, கைவீசி நடக்கும் குழந்தைகள். வெளியே வண்ணம், உள்ளே வெறுங்குழி. நம் பஸ்கள் எல்லாம் அந்தத் தகரத்தை ஒட்டிய சாலையோரத்தில் நின்றன. நிழல் உண்டா? இல்லை. உட்கார ஒரு திண்டு உண்டா? இல்லை. ஆற்றங்கரைக் கொட்டகையில் வியாபாரம் உண்டா? அதுவும் இல்லை. கொஞ்ச நாள் என்றார்களே, அந்தக் கொஞ்ச நாள் நீண்டது. மாங்காய்க் காலம் வந்து போயிற்று, மறுபடியும் வந்தது, மறுபடியும் போயிற்று. சிலர் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். சிலர் எங்கே போனார்கள் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

அந்த ஆண்டு இடவப்பாதி மழை, அந்தத் தென்மேற்குப் பருவமழை, எப்படிப் பெய்தது என்று இந்த ஊருக்கு மறக்குமா? குழி குளமாயிற்று. குளம் கரையைத் தின்றது. சாலைக்கு அடியில் மண் கரைவது மேலே நடக்கிறவர்களின் கண்ணுக்குத் தெரியுமா? தெரியவில்லையே!

ஒரு மாலை. சுப்பாத்தாளும் ரோசியும் கொட்டகையிலிருந்து நடந்து வந்து சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சுப்பாத்தாள் கோபாலபுரம் பக்கம் இருக்கிற தன் வீட்டுக்குப் போக வேண்டும். ரோசி துணைக்கு நிற்கிறார். பொள்ளாச்சி போகிற ஒரு லாரி சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. சுப்பாத்தாள் தகரத்தை ஒட்டி நகர்ந்து நின்றுகொண்டு தன் பக்கம் கூப்பிடுகிறார்.

"ரோசி, இக்கட்ட வா கண்ணு. சேலையெல்லாஞ் சேறாக்கிப் போடுவான்."

ரோசி ஓர் அடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான். சுப்பாத்தாளின் காலுக்குக் கீழே சாலை உடைந்தது. தகரத்தோடு, மண்ணோடு, மழையோடு அந்த அம்மாள் சரிந்தார். ரோசி குப்புற விழுந்து கையைப் பிடித்துவிட்டார். பிடித்தார் தாய்மார்களே! அந்தக் கை கிடைத்தது. கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்கக் கத்தினார். கீழே இருந்து சுப்பாத்தாள் சொன்னாராம்: "உட்ரு கண்ணு. நீயும் வந்துருவ. உட்ரு."

ஊரெல்லாம் கேட்கப் பேசிய வாய், கடைசியாக மெல்லப் பேசியது.

ரோசி என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் விடல டீச்சர். அவ விடச் சொன்னா, நான் விடல. மழையில கை வழுக்கிருச்சு. நான் விடவே இல்ல."

விடவில்லை ரோசி. நீ விடவில்லை. இந்த ஊருக்கு அது தெரியும்.

மறுநாள் காலையில்தான் தீயணைப்புப் படையினர் சுப்பாத்தாளை மேலே கொண்டுவந்தார்கள். குப்பண்ணன் அதுவரை அந்த உடைந்த கரைக்கு எதிரே, மூடிய கடையொன்றின் வாசலில் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. குடை பிடித்தார்கள், தள்ளிவிட்டார். துணி போர்த்திக் கொண்டுவந்தபோது அருகே போய், காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்தார். ஒரு கால் துடைத்து, மறுகாலும் துடைத்தார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற விட்டார்.

அழாதீர்கள் அம்மா. முன்வரிசையில் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபம் வந்தால் மனிதர்கள் பக்கத்தில் இருப்பவரைத்தானே கடிக்கிறார்கள்? கம்பெனி தொலைவில். நீதிமன்றம் அதைவிடத் தொலைவில். குப்பண்ணன் பக்கத்தில்! துக்கம் கேட்கப் போன சிலரே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள்: "நீங்க சொன்னதாலதானுங்க நாங்க காலி பண்ணுனோம்?" அவர் சொன்ன பதில்: "ஆமாங்க." இன்னொருவர் வந்தார். "அன்னைக்கே அக்கா சொன்னாங்க, நீங்கதான் கேக்கலை." அவருக்கும் அதே பதில்: "ஆமாங்க." மறுத்துப் பேசவில்லை. யாரையும் கைகாட்டவில்லை. வந்தவருக்கெல்லாம் ஆமாங்க, ஆமாங்க என்று சொல்லிச் சொல்லி, பிறகு எதுவுமே பேசாதவராகிப் போனார். கடை மூடியது. ரோசி ஏலக்காய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வண்டன்மேட்டுக்கே போய்விட்டார். நகரசபை குழியை மண் போட்டு மூடியது. மூடிய மண்ணில் ஊமத்தை முளைத்தது. ஊர் நடுவில் ஒரு காடு. அதன் பக்கம் பார்க்காமல் பஸ் ஏறப் பழகிக்கொண்டோம்.

வழக்கு ஒருவழியாக முடிந்து நிலம் நகரசபையின் கைக்கு வந்தது. மறுபடியும் கட்ட வேண்டும். பணம்? மறுபடியும் இல்லை! மறுபடியும் கூட்டு. மறுபடியும் ஒரு கம்பெனி. மக்கள் கருத்தைக் கேட்கச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் கூடியது. நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். கூடம் கொதித்தது! "ஒரு உசுரு போனது பத்தாதா?" என்று ஒரு குரல். "அந்த மண்ணுல ஒரு செங்கல்லு வெக்க உடமாட்டோம்!" என்று இன்னொரு குரல். அந்தக் கம்பெனியின் பொறியாளர் தம்பி ஜிஜோ வரைபடத்தைத் திரையில் காட்ட எழுந்தார். மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை. வாய் திறக்கும் முன்பே யாரோ திரையைச் சாய்த்துவிட்டார்கள். சாய்த்தவர் இப்போது இந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள், சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் கடைசி வரிசையில் குப்பண்ணன் எழுந்தார். கூடம் அடங்கியது. சபிப்பார் என்று நினைத்தோம். சபிக்க அவரைவிட உரிமை யாருக்கு உண்டு? அவர் சொன்னது இதுதான்:

"எல்லாரும் எனக்காவக் கோவப்படறீங்க, சரிங்க. ஆனா அந்த எடம் இப்புடியே கெடந்தா எனக்கு என்னங்க வந்துருது? பஸ்சுல வர்றப்பெல்லாம் அந்தக் காட்டத்தான் பாக்கறனுங்க. கட்டடம் கட்டுனதால அவ சாவுலீங்க. கட்டாம உட்டுட்டுப் போனாங்க பாருங்க, அதுல செத்தா. மறுக்காவும் கட்டாம உட்டுப்போட்டு, அதுக்கு அவ பேரைச் சொல்லாதீங்க."

பிறகு ஜிஜோவைப் பார்த்தார். "தம்பி, ஒன்னு கேக்கறேன். எங்களக் கொண்டுபோயி வேற எடத்துல போடாம, இங்கயே வெச்சுக்கிட்டுக் கட்ட முடியுமுங்களா?"

ஜிஜோ யோசித்துச் சொன்னார்: "பாதி எடத்துல நீங்க இருந்துக்கிட்டு, மறுபாதியில நாங்க கட்டலாம்யா. ஆனா நாளும் கூடும், செலவும் கூடும். கம்பெனி ஒத்துக்கிடுமான்னு எனக்குத் தெரியல. கேட்டுட்டு வாரேன்."

"முடியும்னு பொய் சொல்லாம, தெரியலைன்னு சொன்னீங்களே. அது போதுமுங்க," என்று சொல்லிவிட்டுக் குப்பண்ணன் உட்கார்ந்தார்.

கம்பெனி முதலில் முடியாது என்றது. நாமும் முடியாது என்றோம். இங்கே அமர்ந்திருக்கிற தலைவர் அம்மையார் அன்று அந்த மேசையில் ஒரு மலையாக அமர்ந்தார். பாதி கட்டிக் கையில் தந்த பிறகே மறுபாதியைத் தொட வேண்டும். தோண்டும் முன்பே பக்கச்சுவர் கட்ட வேண்டும். இடையில் வேலை நின்றால், நிற்கிற கட்டடத்தோடு நிலம் அன்றே நகரசபைக்குத் திரும்ப வேண்டும். கராறில், அதாவது ஒப்பந்தத்தில், இதெல்லாம் ஏறாமல் கையெழுத்தில்லை என்றார். இழுபறி, இழுபறி, ஓயாத இழுபறி. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்து ஒரு பக்கம் நாம் தட்டி போட்டு வியாபாரம் செய்தோம், மறுபக்கம் கம்பி கட்டினார்கள். சிமெண்டுத் தூசி படிந்த தக்காளியைக் கழுவிக் கழுவி விற்றோம். ஆனால் இந்த முறை யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. ஒருவர்கூடப் போகவில்லை!

இன்று உங்கள் கண் முன்னால் எழுந்து நிற்பது அந்த முதற்பாதி.

கடைகளைப் பிரித்துக் கொடுக்கும் நாள் வந்தது. முதலில் தேர்ந்தெடுப்பவர் குப்பண்ணன் என்று வணிகர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். துக்க வீட்டில் அவரைக் குற்றம் சொல்லிக் கேள்வி கேட்டவர்கள்தான் முதலில் கை தூக்கினார்கள். அவர் வந்தார். நடந்து பார்த்தார். பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, இரண்டு பக்கமும் திறந்த மூலைக்கடை. பெரிய பெரிய நகைக்கடைக்காரர்கள் கண் வைத்திருந்த மூலை. "இந்த மூலை போதுமுங்க," என்றார். அப்பாடா, மனிதர் மறுபடியும் கடை போடுகிறார் என்று நாங்கள் மகிழ்ந்தோம். கைதட்டக்கூடச் செய்தோம்.

கைதட்டல் ஓய்ந்ததும் சொன்னார்: "நான் யாவாரம் பண்ணப் போறதில்லீங்க. அவ இல்லாம எனக்கு அது வராது. பஸ்சுக்கு நிக்கற பொம்பளைங்க உக்கார இதுல எடம் பண்ணிக் குடுங்க. பெஞ்சு போடுங்க, ஒரு கொழாய் வெய்யுங்க. கதவு வேண்டாமுங்க. கதவு இருந்தா என்னைக்காவது ஒருத்தன் பூட்டிப் போடுவான்."

கம்பெனியின் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறைக்க மாட்டேன், நகரசபை அதிகாரிகளும் பார்த்துக்கொண்டார்கள். அந்த மூலையின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். அப்போது ஜிஜோதான் வாயைத் திறந்தார். "அது அவருக்கு ஒதுக்குன கடை. அவரு சொல்லுறபடி செய்வோம்," என்றார். தம்பி, அந்த ஒரு சொல்லுக்காக இந்த ஊர் உனக்கு என்றும் கடன்பட்டிருக்கும்.

நான் குப்பண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்: "அண்ணா, அந்த அறைக்கு அக்கா பெயரை வைக்கலாமா?"

"வேண்டாமுங்க டீச்சர். பேரு போட்டா, இது யாருன்னு கேப்பாங்க. செத்த கதையச் சொல்லுவாங்க. களைச்சு வர்றவங்க அதக் கேட்டுட்டு எப்புடிங்க உக்காருவாங்க? அவிங்க நிம்மதியா உக்காரோணும். அவ்வளவுதானுங்க."

அதனால் அந்த அறையில் பெயர் இல்லை. கல்வெட்டு இல்லை. படம் இல்லை. சுவரில் எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே இந்த ஒரு நாள், இந்த ஒரு மேடையில், வாய் நிறையச் சொல்கிறேன். சுப்பாத்தாள்! எங்கள் சுப்பாத்தாள்!

நேற்று அவரை அழைக்க வீட்டுக்குப் போனேன். தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "நீங்க நடத்துங்க டீச்சர். கூட்டமில்லாத ஒரு நாளாப் பாத்து வர்றனுங்க," என்றார். முன்வரிசையில் அவருக்காகப் போட்ட நாற்காலி காலியாகக் கிடக்கிறது. ஆனால் ரோசி வந்திருக்கிறார். இதோ இந்தப் பக்கம், நீலச் சேலையில். மலையிலிருந்து ஏலக்காயோடு திரும்பி வந்து, அந்த அறைக்கு அடுத்த கடையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். "ஏன் ரோசி, வேறு கடை எடுத்திருக்கலாமே, மனம் தாங்குமா?" என்றேன். "தாங்காதுதான் டீச்சர். ஆனா வாரவங்களுக்குத் தண்ணி வருதா, கொழாய் ஒழுகுதான்னு பாக்க ஒரு ஆளு வேணும்லா," என்றார்.

சபையோரே! கூட்டு, கூட்டு என்கிறோமே, யாரோடு யார் கூட்டு? கராறில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. நகரசபை நிலத்தைப் போட்டது. கம்பெனி பணத்தைப் போட்டது. இரண்டும் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு பங்காளி இல்லையா? ஆற்றங்கரைத் தகரக் கொட்டகையில் வெந்தவர்கள் யார்? வியாபாரம் படுத்து ஊரைவிட்டு ஓடியவர்கள் யார்? தூசியைக் குடித்துக்கொண்டு தட்டிக்குள் இருந்தவர்கள் யார்? சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றதற்காக உயிரையே கொடுத்தவர் யார்? எந்தக் கணக்கில் அதை வரவு வைப்பீர்கள்? எந்தக் குத்தகைக் காலம் முடிந்து அதைத் திருப்பித் தருவீர்கள்?

கம்பெனி பெரியோர்களே, உங்களைப் பகைக்க இதைச் சொல்லவில்லை. நீங்கள் முதற்பாதியை முடித்துக் கொடுத்தவர்கள், வாழ்க! மறுபாதி மிச்சம் இருக்கிறது. நாளை அதில் மண்வெட்டி விழும். லாபம் எடுங்கள், உரிய லாபத்தை உரிமையோடு எடுங்கள். ஆனால் தோண்டிய இடத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள்! நகரசபையே, நீயும் கேள்! கையெழுத்துப் போட்டதும் கண்ணை மூடிக்கொள்ளாதே! தகரத்தில் வரைந்த படத்தை நம்பிவிட்டு, தகரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்காமல் இருக்காதே! மக்களே, நீங்களும் கேளுங்கள். நம்பிச் சொன்ன ஒரு மனிதரைத் தனியே நிறுத்தி ஆமாங்க சொல்ல வைத்தோமே, இனி ஒருவரையும் அப்படி நிறுத்தாதீர்கள். பொது நிலம் என்றால் பொதுவில் காவல் காக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் குழி! வெறும் குழி! வெறும் குழி!

முடித்துவிடுகிறேன். தலைவர் அம்மையாரே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ரிப்பன் வெட்டுவது. மூலை அறை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது, தட்டில் கத்தரிக்கோல் காத்திருக்கிறது. இன்று அதிகாலையில் நான் வந்து பார்த்தபோது, அந்த ரிப்பனுக்குக் கீழே குனிந்து ஒரு பெண் உள்ளே போயிருந்தார். வட்டவடையிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் பூண்டு மூட்டையோடு வந்தவர். இங்கே விழா என்பதே அவருக்குத் தெரியாது. மூட்டையைத் தலைக்கு வைத்து, கைக்குழந்தையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி அலறியும் விழிக்கவில்லை. இப்போதுதான் ரோசியிடம் கேட்டேன், இன்னும் தூங்குகிறாராம்.

அந்த அறையை ஏற்கெனவே திறந்துவிட்டார்கள் அம்மா. ரிப்பனை ஓரமாக அவிழ்த்துவிடுவோம். செண்டை மேளக் கலைஞர்களே, அந்த மூலைப் பக்கம் போகாமல் இந்தப் பக்கமாகச் சுற்றிவந்து கொட்டுங்கள். அந்தத் தாய் தூங்கட்டும்.

வெயிலில் நின்று என் வார்த்தைகளுக்குச் செவி தந்த உங்கள் அன்புக்கு நான் ஓங்கிய குரலில் நன்றி சொல்லப் போவதில்லை. மெல்லச் சொல்கிறேன். நன்றி, சொந்தங்களே. உங்கள் கடைகளில் விளக்கெரியட்டும். வணங்கி அமர்கிறேன்.